ஜெராய் மழையை நம்பி அந்த மலைக்குப் போகாதீர்கள்

கேள்வி கேட்டவர் நம் கெடா, பீடோங் பையன். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஜெராய் மலை ஏறுகிறவர். ஒர்க்கிங் ஹாலிடே விசா கிடைத்து, இன்னும் சில வாரங்களில் நியூசிலாந்து போகிறார். கிறைஸ்ட்சர்ச் பக்கம் பண்ணை வேலை. லீவு கிடைக்கும்போது ஆர்தர்ஸ் பாஸ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் கேரிங்டன் குடிலுக்குத் தனியாக நடந்துபோய், ஓர் இரவு தங்கிவிட்டு வர ஆசை. "லீவு நம்ம இஷ்டத்துக்குக் கிடைக்காது. அந்த நாளில் கனமழை எச்சரிக்கை இருந்தாலும் போகலாமா அண்ணா? ஜெராயில் கொட்டுகிற மழையிலேயே ஏறியிருக்கிறேன். குடிலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் கூரை இருக்கிறது, அப்புறம் என்ன?" இதுதான் கேள்வி.

போகக்கூடாது தம்பி. எச்சரிக்கை இருக்கும் நாளில், தனியாக, அந்தக் குடிலுக்குப் போகவே கூடாது. இதோடு பதிலை முடித்துவிடலாம். ஆனால் "போகாதே" என்று மட்டும் சொன்னால் நம் பையன்கள் யார் கேட்கிறார்கள்? கேன்டர்பரியில் பால் பண்ணையில் வேலை பார்த்தவன், அந்தப் பள்ளத்தாக்குகளில் நடந்தவன் என்ற முறையில் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜெராய் உங்களுக்குக் கற்றுக்கொடுத்ததில் பாதி அங்கே உதவும். மீதிப் பாதி ஆளைக் கொன்றுவிடும். எது எந்தப் பாதி என்று தெரியாமல் போவதுதான் பிரச்சினை.

நம் ஊர் மழை எப்படி வரும் என்று உங்களுக்கே தெரியும். மத்தியானத்துக்கு மேல் ஜெராய் தலையில் மேகம் கட்டும், நாலு மணிக்கு இடி, அப்புறம் ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ கொட்டித் தீர்க்கும், விட்டுவிடும். ஜெராய் உச்சி 1,217 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்று வைத்துக்கொண்டால், பீடோங்கில் 30 டிகிரி இருக்கும்போது உச்சியில் 22, 23 இருக்கும். அந்த மழையில் நனைந்தால் துணி ஈரமாகும், ஜோக்கர் மாதிரி சிரித்துக்கொண்டே இறங்கி குரூனில் ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். இதிலிருந்து நமக்கு இரண்டு பழக்கம் வந்துவிடுகிறது. ஒன்று, "கொஞ்சம் பொறு, விட்டுவிடும்." இன்னொன்று, "நனைந்தால் நனைந்துவிட்டுப் போகட்டும்." இரண்டும் அங்கே செல்லாது.

கிறைஸ்ட்சர்ச் இருக்கும் தெற்குத் தீவின் நடுவே நீளவாக்கில் சதர்ன் ஆல்ப்ஸ் என்ற மலைத்தொடர் போகிறது. மேற்கே டாஸ்மான் கடல். வடமேற்குக் காற்று கடலின் ஈரத்தையெல்லாம் வாரிக்கொண்டு வந்து மலைமேல் ஏறும்போது குளிர்ந்து, மேற்குச் சரிவிலும் முகட்டிலும் கொட்டும். முகட்டைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது அதே காற்று காய்ந்து, சூடாகிவிடும். அதனால் கிறைஸ்ட்சர்ச்சில் ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் சொச்சம்தான் மழை. ஆர்தர்ஸ் பாஸ் கிராமத்தில் 4,000 மில்லிமீட்டருக்கு மேல். இரண்டுக்கும் நடுவே கார் ஓட்டம் இரண்டு மணி நேரம்தான். நம் கெடாவே 2,000 மில்லிமீட்டர் பார்க்கிற ஊர், நமக்கே அது பெரிய மழைதான்.

இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது பாருங்கள். வடமேற்குக் காற்று அடிக்கும் நாளில் கிறைஸ்ட்சர்ச்சில் வெயில் காயும், சூடாக இருக்கும், மேற்கே மலைமேல் மட்டும் ஒரு வளைவான மேகம் நிற்கும். பண்ணையில் நின்று வானத்தைப் பார்த்தால் "என்னடா எச்சரிக்கை, ஒன்றுமே இல்லையே" என்று தோன்றும். அதே நேரத்தில் ஆற்றின் தலைப்பகுதியில் மழை மணிக்கணக்கில் விடாமல் பெய்துகொண்டிருக்கும். ஒரு நாள் முழுக்க, சில சமயம் இரண்டு நாளும் பெய்யும். அது முடிந்ததும் காற்று தெற்குப் பக்கம் திரும்பும். அண்டார்டிகா பக்கத்துக் காற்று அது. சில மணி நேரத்தில் குளிர் இறங்கி, கோடைக்காலத்திலேயே மலையில் பனி விழும். காலையில் டீ-சர்ட்டோடு புறப்பட்டவர் சாயங்காலம் பனிமழையில் நிற்பது அங்கே அதிசயம் இல்லை.

மெட்சர்வீஸ் என்ற அவர்களுடைய வானிலை நிறுவனம் கனமழை எச்சரிக்கை விடுவதற்கு அளவு வைத்திருக்கிறது: 6 மணி நேரத்தில் 50 மில்லிமீட்டருக்கு மேல், அல்லது 24 மணி நேரத்தில் 100 மில்லிமீட்டருக்கு மேல். சாதாரண எச்சரிக்கை ஆரஞ்சு, உயிருக்கே ஆபத்து என்றால் சிவப்பு. நம் மெட்மலேசியாவின் வாஸ்பாடா, புருக், பஹாயா என்ற எச்சரிக்கைப் படிகள் மாதிரிதான், ஆனால் நிறங்களை அப்படியே ஒன்றுக்கொன்று பொருத்திப் பார்க்காதீர்கள். ஊர் முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டுப் போவது பெரிய தவறு. தேசியப் பூங்காக்களுக்கென்று தனி மலை முன்னறிவிப்பு உண்டு, ஆர்தர்ஸ் பாஸுக்கும் உண்டு. உயரத்தில் காற்று எவ்வளவு, பனி உறையும் மட்டம் எத்தனை மீட்டர் என்று அதில் இருக்கும். அதைப் பாருங்கள்.

இப்போது ஜெராய் கற்றுக்கொடுத்த நல்ல பாதிக்கு வருகிறேன்: கெப்பாலா ஆயர், அதாவது மலையிலிருந்து திடீரென்று இறங்கும் வெள்ளம். 2021 ஆகஸ்ட் 18 யாருக்கு மறக்கும்? ஜெராய் மேலே பெய்த மழை, மரமும் பாறையும் சேறுமாக யான் வட்டாரத்துப் பக்கம் இறங்கி, உயிர்களைக் கொண்டுபோனது. அடுத்த ஆண்டு ஜூலையில் பாலிங்கில் கம்போங் இபோய். தலைக்கு மேல் வெயில் இருந்தாலும் மேலே பெய்த மழை கீழே வந்து சேரும் என்பதை நம் ஊர்க்காரருக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தித்தி ஹாயூன் ஓடையில் தண்ணீர் திடீரென்று கலங்கினால் குழந்தைகளைக் கரைக்கு இழுக்கிறோமே, அந்தப் பயத்தை அப்படியே பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். ஒரு வித்தியாசம் மட்டும். நம் ஓடை சின்னது, பொங்கிவிட்டு வடிந்துவிடும். அங்கே எதிரில் இருப்பது வைமகரிரி ஆறு.

கேரிங்டன் குடில் அந்த ஆற்றின் மேல் பள்ளத்தாக்கில், ஒயிட் ஆறு வந்து சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. வழக்கமான பாதை ஆற்றுப் படுகை ஓரமாகவே போகும். பாலம் கிடையாது, தண்ணீருக்குள் இறங்கித்தான் கடக்க வேண்டும். நல்ல நாளில் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். பரந்த சாம்பல் நிறக் கல் படுகை, அதில் நாலைந்து கிளையாகப் பிரிந்து வெளிர் நீலத்தில் தண்ணீர், முழங்காலுக்குக் கீழே. குளிர் காலைக் கடிக்கும், அவ்வளவுதான். மழை நாளில் அதே இடத்தில் அந்த நாலைந்து கிளையும் காணாமல் போய், சிமெண்ட் கலந்த நிறத்தில் கரைக்குக் கரை ஒரே தண்ணீராக ஓடும். ஓரத்தில் நின்றால் தண்ணீருக்கு அடியிலிருந்து "டொக், டொக்" என்று சத்தம் கேட்கும். பாறைகள் உருண்டு ஒன்றோடொன்று மோதுகிற சத்தம். சில சமயம் காலடிக் கல்லிலேயே அந்த அதிர்வு தெரியும். அந்தச் சத்தம் கேட்டுவிட்டால் பேச்சே இல்லை, திரும்பிவிட வேண்டியதுதான்.

சத்தம் கேட்காவிட்டாலும் பார்க்க வேண்டியவை உண்டு. தண்ணீர் கலங்கி அடி தெரியவில்லையா? குச்சிகளும் கிளைகளும் மிதந்து வருகின்றனவா? ஒரு குச்சியைத் தூக்கிப் போட்டு அதோடு கரையில் நடந்து பாருங்கள், உங்கள் நடையைவிட வேகமாகப் போகிறதா? எதற்காவது ஆமாம் என்று பதில் வந்தால் இறங்காதீர்கள். தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது ஆளைத் தள்ளும் பலம் நாலு மடங்காகும். முழங்கால் ஆழம்தானே என்பது அப்போது கணக்கே இல்லை. கடக்கக்கூடிய ஆற்றைக் கடப்பதற்கு அங்கே சொல்லித்தரும் முறை, பல பேர் வரிசையாக நின்று ஒருவர் முதுகுக்குப் பின்னால் இன்னொருவர் கையைக் கோத்து, பையின் பட்டையைப் பிடித்துக்கொண்டு ஒன்றாக நகர்வது. ஒரு கால் வழுக்கினால் மற்ற கால்கள் தாங்கும். தனியாளுக்கு இந்த முறையே கிடையாது. அதனால்தான் நல்ல நாளில் தனியாகப் போவதை நான் தடுக்க மாட்டேன், மழை நாளில் தனியாகப் போவதைத் தடுப்பேன்.

அடுத்தது குளிர். நம் ஊரில் வளர்ந்தவருக்கு இதுதான் புரிவதே இல்லை. குளிரில் ஆள் சாவதற்குப் பனி தேவையில்லை. 5, 6 டிகிரி வெப்பநிலை, மழை, காற்று, நனைந்த பருத்திச் சட்டை, வெறும் வயிறு, இது போதும். உடம்பின் உள் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் மூளை மந்தமாகும். முதலில் விரல் சொன்னபடி கேட்காது, ஜாக்கெட் ஜிப்பைப் பிடித்து இழுக்க வராது. பிறகு கால் சும்மா சும்மா தடுக்கும், பேச்சு குழறும், எரிச்சல் வரும். இதைப் பக்கத்தில் இருப்பவர்தான் கவனித்து "உட்காரு, துணி மாற்று" என்று சொல்ல வேண்டும். தனியாகப் போனவருக்கு யார் சொல்வது? தனக்கு ஒன்றும் இல்லை என்றுதான் அவர் கடைசிவரை நினைப்பார். அதனால் ஜிப் போட வராத அந்த முதல் நிமிடத்திலேயே நின்று, காய்ந்த துணி மாற்றி, இனிப்பாக எதையாவது தின்று, சூடாகக் குடித்துவிட வேண்டும். ஜீன்ஸ், பருத்தி ஜெர்சி எதுவும் வேண்டாம். உள்ளே கம்பளி அல்லது பாலிப்ரோபிலீன், அதற்கு மேல் ஃப்லீஸ், எல்லாவற்றுக்கும் மேல் உண்மையிலேயே மழை தாங்கும் ஜாக்கெட். பசார் மாலாமில் வாங்கிய பத்து ரிங்கிட் மழைக்கோட்டை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள்.

சரி, குடில். நியூசிலாந்தின் இயற்கைப் பாதுகாப்புத் துறை இப்படி 950க்கும் மேற்பட்ட குடில்களைப் பராமரிக்கிறது. பூட்டு கிடையாது. அதற்கான டிக்கெட்டோ பாஸோ வாங்கிக்கொண்டு யாரும் தங்கலாம். கேரிங்டனில் 36 பேர் படுக்கலாம். மெத்தை இருக்கும், தண்ணீர் இருக்கும், வெளியே கழிப்பறை இருக்கும். கேஸ் அடுப்பு இருக்கும் என்று நம்பாதீர்கள், உங்கள் அடுப்பைக் கொண்டுபோங்கள். உள்ளே சமைத்தால் ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. பூட்ஸை வெளியே விடாதீர்கள். கீயா என்ற மலைக்கிளி ஒன்று அங்கே உண்டு, ரப்பரைக் கண்டால் கிழித்து எறிந்துவிடும். நம் வீட்டு வாசல் பழக்கத்தில் செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு உள்ளே போகிறவர்களுக்கு இது முக்கியம்.

குடில் நல்ல விஷயம்தான். ஆனால் கெட்ட நாளில் அதுதான் ஆளை முன்னே இழுக்கும். ஜெராயில் பாதி வழியில் மழை பிடித்தால் திரும்பி இறங்குகிறோம், மேலே போக நமக்கு ஆசை காட்ட எதுவும் இல்லை. அங்கே "இன்னும் ஒரு மணி நேரம்தான், அடுப்பு, மெத்தை, சூடான மைலோ" என்று மனசு சொல்லிக்கொண்டே இருக்கும். கார் நிறுத்திய இடம் மூன்று மணி நேரம் பின்னால், குடில் ஒரு மணி நேரம் முன்னால், நடுவில் ஓர் ஆறு. அந்தக் கணக்கில் எல்லோரும் முன்னாலேயே போவார்கள். குடிலைச் சேர்ந்தவருக்குத்தான் கூரை. சேரும் வழியில் ஆறு இருந்தால் அந்தக் கூரையைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள்.

அதனால் முடிவை ஆற்றங்கரையில் நின்று எடுக்காதீர்கள், பண்ணையில் உட்கார்ந்து எடுங்கள். உங்கள் தாத்தா காலத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்களுக்கு இது தெரியும். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் மரம் ஈரமாக இருந்தால் வெட்டு இல்லை, அவ்வளவுதான். இன்றைக்குக் கொஞ்சம் வெட்டிப் பார்க்கலாமா என்று யாரும் மண்டோரிடம் வாதாடுவதில்லை, பால் பட்டையில் வழிந்து வீணாகும் என்று தெரியும். நீங்களும் அப்படி ஒன்றிரண்டு சட்டங்களைப் புறப்படுவதற்கு முன்பே காகிதத்தில் எழுதி வையுங்கள். ஆரஞ்சு எச்சரிக்கை இருந்தால் போவதில்லை. எச்சரிக்கை முடிந்த மறுநாளும் போவதில்லை, ஆறு வடிய நேரம் வேண்டும். போன நாளில் மத்தியானம் இத்தனை மணிக்குள் இந்த இடத்தைத் தாண்டவில்லை என்றால் திரும்புவது. முதல் ஓடையே கலங்கியிருந்தால் இரண்டாவது ஓடையைப் பார்க்கவே போவதில்லை.

இவ்வளவு பார்த்தும் வழியில் மாட்டிக்கொண்டால்? அங்கே நமக்கு ஒரு நல்லது உண்டு. மலை செங்குத்து, ஆற்றின் நீளம் குறைவு, அதனால் தண்ணீர் ஏறுவது போலவே வேகமாக வடியும். மழை நின்று சில மணி நேரத்திலோ மறுநாளோ பெரும்பாலும் கடக்கிற மாதிரி ஆகிவிடும். காத்திருக்கத் தெரிந்தவர் பிழைப்பார். அதற்குத்தான் ஒரு நாள் உணவு எப்போதும் கூடுதலாக வேண்டும். மேகி மீ, ஓட்ஸ், வேர்க்கடலை எதுவானாலும் சரி. அம்மா கட்டித்தரும் நெத்திலிச் சம்பலைக் கொண்டுபோனால் விமான நிலையத்தில் படிவத்தில் அறிவித்துவிடுங்கள், மறைத்தால் அங்கேயே 400 டாலர் அபராதம். இரண்டு ஓடைகளுக்கு நடுவில் சிக்கினால் கல் படுகையில் படுக்காதீர்கள், மேட்டில் மரங்களுக்குள் ஏறி, காற்று மறைவில் உட்காருங்கள். ஓர் ஆள் உள்ளே புகுந்துகொள்ளும் அளவு தடித்த பிளாஸ்டிக் உறை ஒன்று பையில் இருந்தால் அந்த இரவு கடந்துவிடும். குடிலுக்குள் இருக்கும்போது வெள்ளம் வந்தால் குடிலிலேயே இருங்கள். திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும் என்பதற்காக ஆற்றில் இறங்கியவர்களின் கதை அந்த நாட்டில் ஏராளம். பண்ணை முதலாளி திட்டுவார், திட்டட்டும்.

அந்தப் பள்ளத்தாக்கில் கைபேசி வேலை செய்யாது. பிஎல்பி என்று ஒரு கருவி இருக்கிறது. பட்டனை அழுத்தினால் 406 மெகாஹெர்ட்ஸில் துணைக்கோள் வழியாக மீட்பு மையத்துக்கு நீங்கள் இருக்கும் இடம் போய்விடும். வாடகைக்கும் கிடைக்கும். தனியாகப் போகிறவர் இது இல்லாமல் போகக்கூடாது என்பது என் கண்டிப்பான கருத்து. பையில் வைக்காதீர்கள், உடம்போடு வையுங்கள். ஆறு முதலில் பிடுங்குவது பையைத்தான். காசு கேட்பார்கள் என்று பயந்து அழுத்தாமல் இருக்காதீர்கள், அங்கே மீட்பதற்கு உங்களிடம் பில் போடுவதில்லை, விபத்துக் காயத்துக்கு வெளிநாட்டவருக்கும் ஏசிசி என்ற அரசுக் காப்பீடு உண்டு. ஆனால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: புயலில் ஹெலிகாப்டர் பறக்காது. அழுத்திய பிறகும் ஓர் இரவை நீங்களே தாண்ட வேண்டியிருக்கலாம்.

எங்கே போகிறீர்கள், எந்த வழி, எப்போது திரும்புவீர்கள், எந்த நாள் எந்த மணிக்கு மேல் ஆகிவிட்டால் போலீசைக் கூப்பிட வேண்டும், இதையெல்லாம் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். அந்த ஆள் நியூசிலாந்தில் இருப்பவராக இருக்கட்டும். பீடோங்கில் இருக்கும் அம்மாவிடம் அந்தப் பொறுப்பைக் கொடுக்காதீர்கள். இங்கிருந்து அடித்தால் அவர்களுடைய அவசர எண் 111க்குப் போகாது, நேரமும் நமக்கு நாலு மணி நேரம் முன்னால், அவர்கள் கோடையில் ஐந்து. அம்மாவிடம் அந்த ஆளின் நம்பரைக் கொடுங்கள், உண்மையான கெடுவுக்கு ஒரு நாள் தள்ளி ஒரு நாளைச் சொல்லுங்கள். வெள்ளத்தில் ஒரு நாள் குடிலில் உட்கார்ந்திருப்பது சாதாரணம், அதற்காக அவர் கோயிலில் போய் அழுதுகொண்டு நிற்க வேண்டாம். போகிற ஒவ்வொரு குடிலிலும் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். தங்காவிட்டாலும் பெயர், தேதி, அடுத்து எங்கே என்று எழுதுங்கள். தேட வருகிறவர்கள் முதலில் திறப்பது அதைத்தான். மற்றவர்கள் எழுதியதையும் படியுங்கள், ஆறு எப்படி இருக்கிறது என்று இரண்டு நாள் முன்பு போனவர் எழுதியிருப்பார்.

லீவு நாளில் மேற்கே மழை, ஆனால் நடந்தே ஆக வேண்டும் என்று கால் அரித்தால் பீலி ஸ்பர் பாதைக்குப் போங்கள். அதே பூங்கா வட்டாரம்தான், ஆனால் முகட்டிலிருந்து கொஞ்சம் கிழக்கே தள்ளி, ஒரு மலைத்தோள் மேலே போகிற பாதை. ஆறு கடக்க வேண்டியதில்லை, மேலே பழைய சின்னக் குடில் ஒன்றும் இருக்கிறது, வைமகரிரி பள்ளத்தாக்கு முழுவதும் கீழே தெரியும். முகட்டில் கொட்டும்போதும் அங்கே பல நாள் காய்ந்திருக்கும். புயல்காற்று எச்சரிக்கை இருந்தால் மட்டும் அதையும் விட்டுவிடுங்கள், மரங்களுக்கு மேலே போனால் மறைவே இல்லை. காலையில் ஏறி மத்தியானம் இறங்கிவிடலாம். கேரிங்டனுக்கு நல்ல வானிலை இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல வரும்போது, முடிந்தால் கூட வேலை செய்யும் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

இங்கே இருக்கும் மீதி வாரங்களில் ஜெராயை வேறு மாதிரி ஏறிப் பாருங்கள். முழுப் பையையும் அடுப்பையும் தூக்கிக்கொண்டு போங்கள். கொட்டும் மழையில் கூடாரத் துணியைக் கட்டி, ஈரக் கையோடு அடுப்பைப் பற்றவைத்துத் தண்ணீர் கொதிக்க வையுங்கள். ஒரு தடவையாவது உச்சிக்கு அரை மணி நேரம் இருக்கும்போது, எந்தக் காரணமும் இல்லாமல், குறித்து வைத்த மணிக்குத் திரும்பி இறங்குங்கள். கூட வரும் பையன்கள் கிண்டல் செய்வார்கள், செய்யட்டும்.